குழலியின் கதைக்கு எவ்வளவு உப்பு

மலைக்கோட்டை அம்மனை வேண்டிக்கொண்டு பிறந்தவள் என்பதால் மட்டுவார்குழலி என்று பெயர் வைத்தார்கள். பெயரின் முதல் பாதியைப் பார்த்து யாராவது ஏமாந்தால் அதற்கு அவள் பொறுப்பில்லை. பேச ஆரம்பித்தால் மட்டு என்பதே அவளிடம் கிடையாது.

வயது நாற்பத்து மூன்று. ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்துக்கு எதிரே ஆட்டோ ஸ்டாண்டில் நிற்கும் பதினோரு வண்டிகளில் ஒன்று அவளுடையது. சுடிதாருக்கு மேலே காக்கிச் சட்டை, சட்டைப் பையில் மூன்று பேனா. மூன்றில் எழுதுவது ஒன்றுதான். மற்ற இரண்டும் பார்க்க நன்றாக இருக்கும் என்பதற்காக.

ஒரு சேதி அவள் காது வழியாக உள்ளே போய் வாய் வழியாக வெளியே வருவதற்குள் அதற்குக் கண் முளைக்கும், மூக்கு முளைக்கும், மீசை வரும், சில நாள் மூக்குக் கண்ணாடிகூட வந்துவிடும். ஒருமுறை அம்மா மண்டபத்துப் படித்துறையில் முழ நீளத்தில் ஒரு தண்ணீர்ப் பாம்பைப் பார்த்தாள். மத்தியானம் ஸ்டாண்டுக்கு வந்து சொல்லும்போது அது தொடைத் தடிமன் இருந்தது. மறுவாரம் அதே பாம்பு ஆட்டோவுக்குள் ஏறி, பின் சீட்டில் சுருண்டு, சத்திரம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்து இறங்கிப் போயிருந்தது.

“வாடகை குடுத்துச்சா?” என்று கேட்டார் நஜிமுதீன். ஸ்டாண்டில் அவளுக்கு அடுத்த வண்டி அவருடையது.

“சில்லறை இல்லன்னுடுச்சு பாய்” என்றாள் குழலி, கண்ணைக்கூட இமைக்காமல்.

இதில் அவளுக்கு ஒரு லாபமும் இல்லை. யாரையும் ஏமாற்றிப் பிழைத்ததும் இல்லை. உள்ளதை உள்ளபடியே சொன்னால் கேட்கிறவர்கள் பாவம், வெறும் கையோடு திரும்பிப் போகிறார்களே என்று அவளுக்குத் தோன்றும், அவ்வளவுதான். ஆட்டோ ஓட்ட ஒரே நாளில் கற்றுக்கொண்டதாகச் சொல்வாள். உண்மையில் நாற்பது நாள் ஆனது, நடுவில் பக்கத்து வீட்டுக் காம்பவுண்டுச் சுவரும் போனது. பச்சமலை அடிவாரத்தில் சின்ன வயதில் கரடி துரத்தியதாகச் சொல்வாள். துரத்தியது பால்காரர் வீட்டு நாய்.

வெளிநாட்டுப் பயணிகள் என்றால் அவளுக்குத் தனி உற்சாகம். கைவசம் இருந்தது அறுபது எழுபது ஆங்கிலச் சொற்கள்தான். மிச்சத்தைக் கையும் புருவமும் பார்த்துக்கொண்டன. மலைக்கோட்டைக்கு எத்தனை படி என்று கேட்டால் “டூ தௌசண்ட்” என்பாள். ராஜகோபுரத்தின் உயரம் வருஷத்துக்கு வருஷம் அவள் வாயில் வளர்ந்துகொண்டே இருந்தது. கொள்ளிடத்துப் பழைய இரும்புப் பாலம் வெள்ளத்தில் இடிந்து விழுந்த கதைதான் அவளுடைய தலைசிறந்த கதை. அதில் அவளுடைய ஆட்டோவின் பின்சக்கரம் பாலத்தைத் தாண்டிய அடுத்த நொடியில் பாலம் விழும்.

சவாரி முடிந்ததும் ஒரு நோட்டை நீட்டி, இரண்டு வரி எழுதித் தரச் சொல்வாள். அப்படித்தான் போன ஏப்ரலில் ஹெலன் என்ற ஆங்கிலேயப் பெண்மணி, நாள் முழுக்கக் குழலியின் வண்டியில் சுற்றிவிட்டு, சிரித்துக்கொண்டே இரண்டு வரி எழுதி, அவளைக் கட்டிப் பிடித்துவிட்டுப் போனாள்.

எழுதியதைப் படித்துச் சொல்ல நஜிமுதீன் இருந்தார். எட்டு வருஷம் ஷார்ஜாவில் வேலை பார்த்தவர் என்பதால் ஸ்டாண்டில் ஆங்கிலத்துக்கு அவர்தான் அத்தாரிட்டி.

“மொத வரி ஈஸி. குட் டிரைவர். நல்லா ஓட்டுறியாம்.”

“அது ஊருக்கே தெரியும். மேல படிங்க பாய்.”

“ரெண்டாவதுதான் கொஞ்சம் வெயிட்டா எழுதியிருக்கு. டேக்... ஹெர் ஸ்டோரீஸ்... வித் எ பிஞ்ச்... ஆஃப் சால்ட்.” நஜிமுதீன் நோட்டைத் தூரப் பிடித்தார், கிட்டே பிடித்தார். “டேக்னா எடுத்துக்கங்க. ஸ்டோரீஸ்னா கதை. இவ கதைய எடுத்துக்கங்க. எதுகூட? பிஞ்சு. அப்புறம் சால்ட்டு, உப்பு.”

“பிஞ்சா?”

“பிஞ்சுதான். இந்தா, எழுத்து இருக்குல்ல.”

“வெள்ளைக்காரங்களும் பிஞ்சுன்னேதான் சொல்றாங்களா?”

“ஏம்மா, கறிங்கிற வார்த்தைய நம்மகிட்டேர்ந்துதானே எடுத்துக்கிட்டுப் போனாங்க? கட்டுமரத்த எடுத்துக்கிட்டாங்க. பிஞ்ச மட்டும் விட்டுட்டா போயிருப்பாங்க? ஷார்ஜால எங்க சூப்பர்வைசர் தெனம் சொல்லுவான்.”

“என்னான்னு?”

“பிஞ்ச், பிஞ்ச்னுதான். நான்தான் அப்ப கவனிக்கல.”

ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு தள்ளுவண்டியில் வெள்ளரிப்பிஞ்சு குவிந்து கிடந்தது. கடைக்காரர் ஒன்றை நீளவாக்கில் கீறி, உப்பும் மிளகாய்த்தூளும் தடவி யாருக்கோ கொடுத்துக்கொண்டிருந்தார். இருவரும் ஒரே நேரத்தில் அதைப் பார்த்தார்கள். அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. வெயிலில் அலைந்து வந்தவருக்கு உப்பு தொட்ட வெள்ளரிப்பிஞ்சு எப்படியோ, அப்படியாம் குழலியின் கதை. இதைவிட ஒரு பாராட்டு இருக்கிறதா?

குழலிக்கு இதில் இன்னொரு சந்தோஷமும் இருந்தது. அவள் பிறந்தது உப்பிலியபுரத்தில். கல்யாணமாகி ஸ்ரீரங்கம் வந்த நாளிலிருந்து, அவள் குழம்பு வைத்தால் போதும், “உப்பில்லாத ஊர்லேர்ந்து பொண்ணு எடுத்தா இப்பிடித்தான்” என்று நாத்தனார் சொல்லாமல் இருந்ததில்லை. இப்போது வெள்ளைக்காரியே உப்பு இருக்கிறது என்று கைப்பட எழுதிக் கொடுத்துவிட்டாள். நோட்டை எடுத்துக்கொண்டு முதலில் நாத்தனார் வீட்டுக்குத்தான் போனாள்.

மறுநாள் சத்திரம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு ஸ்டிக்கர் கடையில் கொடுத்து, அந்த இரண்டாவது வரியை மஞ்சள் எழுத்தில் வெட்டி வாங்கி, ஆட்டோவின் முதுகில் ஒட்டினாள். ‘டேக் குழலிஸ் ஸ்டோரீஸ் வித் எ பிஞ்ச் ஆஃப் சால்ட்’ என்று பெரிய பெரிய ஆங்கில எழுத்து. எழுதிய பிறகு சும்மா இருக்க முடியுமா? வண்டியில் ஒரு டப்பா நிறைய வெள்ளரிப்பிஞ்சு, மூடியில் உப்பு. கதை சொல்லி முடித்ததும் பயணிகளுக்கு ஆளுக்கொன்று நீட்டுவாள்.

அது எடுபட்ட விதம் அவளே எதிர்பாராதது. பயணிகள் முதுகு எழுத்தைப் படித்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். உப்போடு அவள் டப்பாவை நீட்டியதும் இன்னும் சிரித்தார்கள். நின்று போட்டோ எடுத்தார்கள். சிக்னலில் பின்னால் நின்ற காலேஜ் பெண்கள்கூடச் சிரித்துக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள். ஒருவரும் அர்த்தம் சொல்லவில்லை. தெரிந்துதான் எழுதியிருக்கிறாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். வெள்ளரிப்பிஞ்சுக்கு இவ்வளவு மவுசா என்று அவள் நினைத்தாள்.

பத்து மாதம் இப்படியே போனது. மாசி பிறந்ததும் கண்டோன்மெண்டில் ஒரு ஓட்டலிலிருந்து அழைப்பு வந்தது.

ஓட்டல் விருந்தாளிகளை ஊர் சுற்றிக் காட்ட நிரந்தரமாக ஒரு ஆட்டோ வேண்டும் என்றார்கள். வண்டியை ஓட்டல் காம்பவுண்டுக்குள்ளேயே வேப்பமர நிழலில் நிறுத்திக்கொள்ளலாம். சவாரி தேடி அலைய வேண்டாம். குழலிக்கு அது சாதாரண விஷயம் இல்லை. செல்போன் ஆப்பில் வண்டி பிடிக்கிறவர்கள் ஒருபக்கம், கோயிலைச் சுற்றி ஓடும் பேட்டரி வண்டிகள் ஒருபக்கம் என்று ஸ்டாண்டு நாளுக்கு நாள் காய்ந்துகொண்டிருந்தது. விடிகாலை ரயிலுக்கு ஜங்ஷனில் போய் நின்று, இறங்குகிறவர்களின் முகத்தைப் பார்த்துக் கெஞ்சுவது அவளுக்குப் பிடிக்கவே இல்லை. கதை சொல்கிறவள் கெஞ்சக் கூடாது என்பது அவள் கொள்கை.

போட்டிக்கு ஒரே ஒரு ஆள்தான். பீமராவ். அதே ஸ்டாண்டில் கடைசி வண்டி. குழலிக்கு நேர் எதிர். கோபுரம் எத்தனை நிலை என்று கேட்டால் “பதிமூணு” என்பார். வேறு ஏதாவது சொல்வார் என்று பயணி காத்திருந்தால் அது பயணியின் பாடு.

ஓட்டலில் அவளைக் கூப்பிட்டுப் பேசியவள் ரேஷ்மா, ரிசப்ஷன் மேனேஜர். கைலாசபுரத்தில் வளர்ந்த பெண், முப்பது வயதுகூட இருக்காது. வெளியே வந்து ஆட்டோவின் முதுகைப் பார்த்ததும் அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

“இதைப் பார்த்துதான் அக்கா உங்களைக் கூப்பிட்டேன். எங்க கெஸ்ட் ஒருத்தர் போட்டோ காட்டினார். என்ன தைரியங்க உங்களுக்கு!”

“இதுல என்னங்க மேடம் தைரியம்?”

“பின்ன? நான் சொல்றத முழுசா நம்பாதீங்கன்னு யாராவது தன் வண்டியிலயே எழுதி ஒட்டுவாங்களா?”

குழலி டப்பாவைத் திறந்து ஒரு வெள்ளரிப்பிஞ்சை எடுத்து நீட்டிக்கொண்டிருந்தாள். கை அப்படியே நின்றது.

“என்னது? நம்பாதீங்கன்னா?”

ரேஷ்மா அவள் முகத்தைப் பார்த்தாள். டப்பாவைப் பார்த்தாள். மூடியில் இருந்த உப்பைப் பார்த்தாள். விஷயம் மெல்லப் புரிந்ததும், வாய்வரை வந்த சிரிப்பை அடக்க அவள் பட்ட பாடு கொஞ்சம் இல்லை.

“அக்கா... இது பிஞ்சு இல்லக்கா. இங்கிலீஷ்ல பிஞ்ச்னா கிள்ளறது. பிஞ்ச் ஆஃப் சால்ட்னா ரெண்டு விரலால எடுக்கிற உப்பு. ஒரு சிட்டிகை உப்பு.”

“சரி, உப்புதானே? ருசிக்குத்தானே?”

“ருசிக்கு இல்லக்கா. யாராவது ரொம்பப் பெருசு பண்ணிச் சொன்னாங்கன்னு வைங்க, அது அப்படியே தொண்டையில எறங்காது. கொஞ்சம் உப்பு தொட்டுக்கிட்டா எறங்கும். அதான். கேளுங்க, ஆனா அப்பிடியே நம்பிடாதீங்க, பாதியக் கழிச்சுக்கங்கன்னு அர்த்தம்.” குழலி டப்பாவை மூடுவதைப் பார்த்து ரேஷ்மா அவசரமாகச் சேர்த்தாள். “பொய்க்காரின்னு திட்டறது இல்ல இது. ரொம்ப சாதாரணமாச் சொல்றதுதான். எங்க ஓட்டல் விளம்பரத்துல ஏர்போர்ட்லேர்ந்து அஞ்சே நிமிஷம்னு போட்டிருக்கோம். அதையும் ஒரு சிட்டிகை உப்போடதான் எடுத்துக்கணும்.”

“பத்து மாசமா ஊர் பூரா இத எழுதிக்கிட்டுச் சுத்தியிருக்கேன்” என்றாள் குழலி.

“நாளைக்குக் காலையில ஒரு அயர்லாந்து ஜோடிய அரை நாள் கூட்டிட்டுப் போகணும். நானும் கூட வருவேன். பீமராவ் நேத்தே ஒரு ட்ரிப் போயிட்டு வந்துட்டார்.” ரேஷ்மா தயங்கினாள். “உண்மையச் சொல்லிடறேன். ஜெனரல் மேனேஜருக்கு அவரைத்தான் பிடிச்சிருக்கு. தப்பாத் தகவல் சொல்ற ஆளே வேணாங்கறார். நாளைக்கு நல்லபடியா பண்ணுங்க.”

ஸ்டாண்டுக்குத் திரும்பியதும் குழலி நேராக நஜிமுதீன் முன்னால் போய் நின்றாள்.

“பிஞ்சாம்ல பிஞ்சு! கிள்ளறதாம் அது!”

“கிள்ளறதா?” நஜிமுதீன் யோசித்தார். “அதான் அந்த சூப்பர்வைசர் சொல்லும்போதெல்லாம் கையக் கையக் காட்டினானா...”

“என் மானத்த இப்பிடிக் கிள்ளிட்டீங்களே பாய்!”

“கோச்சுக்காதம்மா. வெள்ளரிப்பிஞ்சு நல்லாத்தானே போச்சு? யாராவது வேணாம்னாங்களா?”

ஸ்டிக்கரைக் கிழித்தெறிவது என்று அங்கேயே ஆரம்பித்தாள். கடைக்காரர் நல்ல சரக்காகப் போட்டிருந்தார். நகம் இரண்டு உடைந்ததுதான் மிச்சம். கடைசியில் இருந்த சால்ட் என்ற சொல் மட்டும் உரிந்து வந்தது. மீதி அப்படியே ஒட்டிக்கொண்டு நின்றது.

சாயங்காலம் வீட்டில் டீ டம்ளரைக் கணவன் முன்னால் வைத்துவிட்டுக் கேட்டாள். முருகானந்தம் துவாக்குடியில் லேத் பட்டறை ஒன்றில் வேலை பார்க்கிறவர். நூலிழை பிசகினாலும் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி கடைகிற தொழில்.

“ஏங்க, நான் பொய் சொல்றவளா?”

“பொய்யின்னு சொல்ல முடியாது.”

“அப்புறம்?”

“அளவு ஜாஸ்தி.”

“நம்ம கல்யாணத்துக்கு எத்தன பேர் வந்தாங்கன்னு நான் சொல்வேன்?”

“நாலாயிரம்.”

“நெசமா எத்தன?”

“மண்டபத்துல எடமே முன்னூறு பேருக்குத்தான்” என்றார் முருகானந்தம். டீயை ஒரு வாய் குடித்தார். “ஆனா நீ சொல்லும்போது நாலாயிரம் பேர் வந்த மாதிரிதான் எனக்கும் ஒரு இது. அதெல்லாம் நான் திருத்தினது இல்ல.”

அவர் திருத்தாமல் இருந்ததுதான் தப்பு என்று அவள் சண்டைக்குப் போனாள். பிறகு, நாளைக்கு உள்ளதை மட்டுமே சொல்வது, ஒரு சொல் கூடக்கூடாது என்று முடிவெடுத்துக்கொண்டாள்.

உண்மையை மட்டும் சொல்வது எவ்வளவு சிரமம் என்பது மறுநாள் காலை வண்டி கண்டோன்மெண்டைத் தாண்டுவதற்குள் தெரிந்துவிட்டது. அயர்லாந்துக்காரர் நெடுநெடுவென்று இருந்தார், முழங்கால் முன்சீட்டில் இடித்தது. அவர் மனைவி கையில் தொப்பியோடு, பார்க்கிறதையெல்லாம் கேட்கிற பெண்மணி. ரேஷ்மா ஓரமாக ஒண்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

தூரத்தில் மலைக்கோட்டை தெரிந்தது. “எத்தனை படி?” என்று அந்தப் பெண்மணி கேட்டாள்.

டூ தௌசண்ட் என்று நாக்கு புறப்பட்டுவிட்டது. குழலி அதைப் பல்லால் பிடித்து நிறுத்தினாள். பிறகுதான் ஒரு விஷயம் உறைத்தது. சரியான எண்ணிக்கை அவளுக்குத் தெரியாது. இத்தனை வருஷமாக இரண்டாயிரம் சொன்னவள், ஒருநாளும் எண்ணியது இல்லை.

“நோ கவுண்ட்” என்றாள்.

காவிரிப் பாலம் வந்தது. “ரிவர்” என்றாள். ராஜகோபுரம் வந்தது. “டவர்” என்றாள். கொஞ்சம் யோசித்து, “தர்ட்டீன்” என்று சேர்த்துக்கொண்டாள். பீமராவாகவே ஆகிவிட்டது போல் இருந்தது அவளுக்கு. அந்தப் பெண்மணி தன் செல்போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தாள். நெட்டை மனிதர் கொட்டாவி விட்டார். கண்ணாடியில் ரேஷ்மாவின் முகம் தெரிந்தது. அதில் சந்தோஷமாக ஒன்றும் இல்லை. வேப்பமர நிழல் கொஞ்சம் கொஞ்சமாக வேறு யாருடைய வண்டிக்கோ நகர்ந்துகொண்டிருந்தது.

கோயிலைப் பார்த்துவிட்டு வந்ததும் கொள்ளிடக் கரைக்குப் போனார்கள். அந்தப் பெண்மணி செல்போனில் எதையோ படித்துவிட்டு, இங்கே பழைய பாலம் ஒன்று வெள்ளத்தில் விழுந்ததாமே, நீ அப்போது இங்கே இருந்தாயா என்று கேட்டாள்.

தலைசிறந்த கதையைத் தானாகக் கேட்கிறார்கள். குழலியின் இரண்டு கைகளும் மேலே எழும்பின. புருவம் ஏறியது. மூச்சை இழுத்துக்கொண்டு, “ஐ...” என்றாள். ஆற்றைப் பார்த்தாள், ரேஷ்மாவைப் பார்த்தாள். தூக்கிய கைகள் தூக்கியபடியே நின்றன.

“ஐ... ஹவுஸ். மை சன், ஃபீவர். ஐ சீ டிவி.”

கைகள் கீழே வந்தன. பிறகு அந்தப் பெண்மணிதான் முதலில் சிரித்தாள். ஊரையே தூக்கப் போகிறவள் போலக் கையை உயர்த்திவிட்டு டிவி பார்த்தேன் என்று ஒருத்தி இறக்கி வைத்தால் யாருக்குத்தான் சிரிப்பு வராது?

இதற்குள் நெட்டை மனிதர் காலை நீட்ட வண்டியின் பின்பக்கம் போயிருந்தார். அங்கிருந்து சத்தமாகக் கேட்டார். “பிஞ்ச் ஆஃப்... பிஞ்ச் ஆஃப் வாட்?”

குழலிக்குத் தூக்கிவாரிப் போட்டது. உப்பைத்தான் நேற்று உரித்துவிட்டாளே. இப்போது அந்த இடத்தில் எதை வேண்டுமானாலும் வைக்கலாம். சர்க்கரை என்று சொல்லலாம். மஞ்சள்தூள் என்று சொல்லலாம். திருநீறு என்றுகூடச் சொல்லி, அதற்கு ஒரு கதையும் சொல்லலாம். அந்த மனுஷனுக்கு என்ன தெரியப்போகிறது? ரேஷ்மா பார்த்துக்கொண்டே நின்றாள்.

“சால்ட்” என்றாள் குழலி. தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள். “மை ஸ்டோரி, சால்ட். ஐ டெல், பிக் பிக். யூ பிலீவ், ஸ்மால் ஸ்மால்.”

நெட்டை மனிதர் சிரித்த சிரிப்பில் கரையில் நின்ற கொக்கு எழுந்து பறந்தது. எங்கள் ஊரில் என் அப்பாவும் இப்படித்தான் என்றார். மீன் பிடிக்கப் போய்விட்டு வந்தால் வீட்டுக் கதவு கொள்ளாத மீனாகத்தான் சொல்வாராம். அந்தப் பாலத்துக் கதையில் பிக் பிக் ஒன்று இருக்கும் அல்லவா, அதைச் சொல் என்று திண்டில் உட்கார்ந்துவிட்டார்.

“சொல்லட்டுமாங்க மேடம்?” என்று குழலி கேட்டாள்.

“டிவின்னு மொதல்ல சொல்லிட்டீங்கல்ல, அப்புறம் என்ன? சொல்லுங்க” என்றாள் ரேஷ்மா.

குழலி டப்பாவைத் திறந்தாள். முதலில் ஆளுக்கு ஒரு வெள்ளரிப்பிஞ்சைக் கொடுத்தாள். மூடியில் இருந்த உப்பைக் காட்டி, “திஸ் ஸ்டோரி, ஃபுல் சால்ட்” என்று எச்சரித்துவிட்டு ஆரம்பித்தாள். வானம் இருண்டது, ஆறு பனைமர உயரத்துக்கு எழும்பியது, ஆட்டோவின் பின்சக்கரத்துக்குப் பின்னால் பாலம் தூண் தூணாக விழுந்துகொண்டே வந்தது. ஹாரனை அடித்ததும் பாலம் கொஞ்சம் பொறுத்துக்கொண்டது என்ற இடம் அன்றைக்குப் புதிதாகச் சேர்ந்தது. அந்தப் பெண்மணி கன்னத்தில் கை வைத்துக்கொண்டு கேட்டாள். ஆறு தொண்டைவரை வந்த கட்டத்தில் நெட்டை மனிதர் இன்னும் கொஞ்சம் உப்பு வேண்டும் என்று கை நீட்டினார்.

அதற்குப் பிறகு உப்பு இல்லாமல் ஒரு பேச்சும் நகரவில்லை. கரடி கதைக்கு இரண்டு சிட்டிகை, ரியலில் நாய். கல்யாணத்துக்கு வந்த நாலாயிரம் பேருக்கு ஒரு கைப்பிடி. கோபுரம் பதிமூன்று நிலை, “நோ சால்ட், யூ கவுண்ட்” என்று விரல் விட்டு எண்ண வைத்தாள். உப்பு எவ்வளவு என்று முன்னாலேயே சொல்லிவிட்டால் கதையை இன்னும் பெரிதாக்கலாம் என்பதை அவள் போகப் போகக் கண்டுகொண்டாள். இத்தனை வருஷமும் கேட்கிறவர் நம்ப வேண்டுமே என்று கொஞ்சம் அடக்கித்தான் வாசித்திருக்கிறாள்.

கடைசியாக மலைக்கோட்டை. படி எத்தனை என்று அவர்களே எண்ணிச் சொல்ல வேண்டும் என்று குழலி கீழேயே நின்றுகொண்டாள். ஒரு மணி நேரம் கழித்து இருவரும் வேர்த்து விறுவிறுத்து இறங்கி வந்தார்கள். வரும்போதே ஏதோ தகராறு.

“நானூற்றுப் பன்னிரண்டு” என்றார் கணவர்.

“முந்நூற்று எண்பத்தொன்பது” என்றாள் மனைவி. “இவர் பிள்ளையார் சந்நிதியில் மூச்சு வாங்கினபோது எண்ணியதையே மறுபடி எண்ணினார்.”

குழலி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு டப்பாவைத் திறந்து, இருந்ததிலேயே பெரிய பிஞ்சாக எடுத்து, உப்பில் நன்றாகப் புரட்டி, அந்தப் பெண்மணியின் கையில் கொடுத்தாள்.

“ஹிஸ் ஸ்டோரி” என்றாள். “யூ டேக்.”

ரேஷ்மா சிரித்துச் சிரித்து ஆட்டோவின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதாயிற்று.

ஓட்டலுக்குத் திரும்பியதும் ரேஷ்மா அவர்களை உள்ளே அழைத்துப் போனாள். குழலி வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்திவிட்டு, இது தன் இடமா இல்லையா என்று தெரியாததால் இறங்காமலேயே உட்கார்ந்திருந்தாள். இருபது நிமிஷம் ஆனது. அவள் வேறொருவரிடம் சொல்லியிருந்தால் மூன்று மணி நேரம் ஆகியிருக்கும்.

ரேஷ்மா வந்தாள். “ஜெனரல் மேனேஜர் கொஞ்சம் மொரண்டு பண்ணினார் அக்கா. ஊரப் பத்தி விவரமாத் தெரிஞ்சுக்கணும்னு கேக்கறவங்களுக்கு பீமராவ்தான்னு உறுதியா சொல்லிட்டார்.”

“சரிங்க மேடம்” என்றாள் குழலி. சாவியைத் திருப்பினாள்.

“அவசரப்படாதீங்க, முழுசாக் கேளுங்க. அயர்லாந்துக்காரங்க நேரா அவர் ரூமுக்கே போயிட்டாங்க. நாளைக்கும் நீங்கதான் வேணுமாம், தஞ்சாவூர் போகணுமாம். அதனால அவர் எறங்கி வந்துட்டார். வாரத்துல பீமராவுக்கு நாலு நாள், உங்களுக்கு மூணு நாள். வெள்ளி, சனி, ஞாயிறு. ஒரே கண்டிஷன், இன்னிக்குச் சொன்ன மாதிரி எதுக்கு எவ்வளவு உப்புன்னு மொதல்லயே சொல்லிடணும். அந்த ஸ்டிக்கரையும் சரி பண்ணிடுங்க.”

குழலிக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. அவள் வாழ்க்கையில் அது அபூர்வம். கையைக் கூப்பினாள், பிறகு கூப்பிய கையைப் பிரித்து ரேஷ்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ரேஷ்மா போனதும் முதல் வேலையாக நஜிமுதீனுக்குப் போன் போட்டாள். நேற்றைய கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

“பாய், கெடச்சிடுச்சு! வாரத்துக்கு மூணு நாள்! வேப்பமரத்தடியில நம்ம வண்டி!”

“மாஷா அல்லாஹ்! எத்தன நாளு?”

“மூணு நாள் பாய். வெள்ளி, சனி, ஞாயிறு.”

போனில் அவர் ஏதோ முணுமுணுப்பது கேட்டது. நஜிமுதீன் கணக்குப் போடுகிறார் என்பது அவளுக்குத் தெரிந்தது.

“உன் கணக்குல மூணுன்னா எங்க கணக்குல ஒண்ணு” என்றார் அவர், மிகவும் பிரியமாக. “பரவால்லம்மா. ஒரு நாளாவது கெடச்சுதே. அல்ஹம்துலில்லாஹ்.”

“பாய், சத்தியமா மூணு நாள்!”

“சரி சரி, சந்தோஷமா இரு. ஸ்டாண்டுல எல்லாருக்கும் நான் சொல்லிடறேன், ஒரு நாள்னு.”

போனை வைத்துவிட்டார். குழலி வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, உண்மையான மூன்றை அவர் மண்டைக்குள் எப்படி ஏற்றுவது என்று யோசித்தாள். அவர் மூன்றால் வகுக்கிறார். அப்படியென்றால் ஒன்பது நாள் என்று சொல்லியிருந்தால் கணக்குச் சரியாக வந்திருக்கும். மறுபடி நம்பரை அழுத்தப் போனவள் பாதியில் நிறுத்தினாள். வாரத்துக்கு மொத்தமே ஏழு நாள்தான் என்பது அன்றைக்குத்தான் அவளுக்குப் பெரிய குறையாகப் பட்டது.